பாட்டு யார் கையில்? இசைத்தட்டு சேர்ப்பவர்கள் ஸ்ட்ரீமிங்கை மட்டும் நம்பாததன் காரணங்கள்

பாட்டை இணையம் வழியே ஒலிக்கவிடும் (ஸ்ட்ரீமிங்) செயலியான ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது 2019 பிப்ரவரியில். இரண்டே மாதத்தில் சரிகம நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. உரிமம் பேசி முடிக்காமலே தங்கள் பாடல்கள் அந்தச் செயலியில் ஒலிக்கின்றன என்பது புகார். ஸ்பாட்டிஃபை அவற்றை நீக்க ஒப்புக்கொண்டது. சரிகம என்பது பழைய எச்.எம்.வி.தான், கிராமபோன் முன்னால் நாய் உட்கார்ந்திருக்கும் படம் போட்ட அதே கம்பெனி. ஐம்பதுகள், அறுபதுகளின் தமிழ்த் திரைப்பாடல்களில் பெரும்பங்கு அவர்கள் வசம். 2020இல் இரு தரப்பும் உடன்பட்ட பிறகுதான் அவை அந்தச் செயலிக்கு வந்தன. 2023 மார்ச்சில் ஜீ மியூசிக் என்ற இன்னொரு இசை நிறுவனத்துடன் நடந்த பேச்சு முறிந்து, அவர்களுடைய பாடல்களும் அங்கிருந்து போயின.

இந்த இழுபறி நடந்த காலத்தில், அதே பாடல்களை எல்.பி.யிலோ (வினைல் என்ற பிளாஸ்டிக்கில் அச்சிட்ட பெரிய இசைத்தட்டு) கேசட்டிலோ வைத்திருந்தவர் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருந்தார். சேகரிப்பாளர்களின் பிடிவாதத்தைப் புரிந்துகொள்ள இங்கிருந்து தொடங்குவதுதான் சரி. 'வினைல் திரும்ப வந்துவிட்டது' என்ற செய்தியிலிருந்து தொடங்கினால் குழப்பமே மிஞ்சும். அமெரிக்காவில் 2022இல் 4.1 கோடி வினைல் தட்டுகள் விற்றன, சி.டி. 3.3 கோடி, 1987க்குப் பிறகு எண்ணிக்கையில் வினைல் முந்தியது அதுவே முதல் முறை. அதே ஆண்டு அந்நாட்டின் பதிவிசை வருமானத்தில் 84 விழுக்காடு ஸ்ட்ரீமிங்கிலிருந்து வந்தது. ஆக, தட்டு ஸ்ட்ரீமிங்கைத் தோற்கடிக்கவில்லை. கேட்பதற்கு ஒன்று, வைத்துக்கொள்வதற்கு இன்னொன்று என்று இரண்டும் பிரிந்துவிட்டன.

காசு கொடுத்து எதை வாங்குகிறோம்?

ஒரு பாட்டில் மூன்று அடுக்குகள் உண்டு. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் பேசுவதால்தான் விவாதம் சுற்றிச் சுற்றி வருகிறது.

1. படைப்பு. மெட்டும் வரிகளும். இதன் உரிமை இசையமைப்பாளர், பாடலாசிரியர், தயாரிப்பாளர் வட்டத்துக்குள் இருக்கும். கேட்பவருக்கு இது ஒருநாளும் சொந்தமாவதில்லை.

2. ஒலிப்பதிவு. ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு ஸ்டுடியோவில், இன்னின்னார் பாடி வாசித்துப் பதிவானது. அதன் மூலநாடாதான் மாஸ்டர். இது பெரும்பாலும் இசை நிறுவனத்தின் சொத்து.

3. பிரதி. அந்தப் பதிவிலிருந்து அச்சிட்ட தட்டு, கேசட், சி.டி. கடையில் காசு கொடுத்ததும் இந்த ஒரு பொருள் மட்டும் நம்முடையது. இரவல் கொடுக்கலாம், பழைய பொருளாக விற்கலாம், பேரப்பிள்ளைக்கு விட்டுப்போகலாம்.

ஸ்ட்ரீமிங்கில் மூன்றாவது அடுக்கே கிடையாது. மாதச் சந்தா, தெருமுனை வாடகை நூலகத்துக்குக் கட்டும் பணம் மாதிரி. இணையம் இல்லாதபோது கேட்க 'டவுன்லோட்' செய்து வைப்பதும் பூட்டுப் போட்ட கோப்புதான். சந்தா நின்றால் பூட்டுத் திறக்காது. நூலகமே மூடிக்கொண்டால்? 2024 ஜனவரி 31 அன்று ரெஸ்ஸோ என்ற பாட்டுச் செயலி இந்தியாவில் கடையைக் கட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் விங்க் மியூசிக்கை மூடப்போவதாக ஏர்டெல் அறிவித்தது. இலவசமாகக் கேட்க முடிந்த கானா, 2022இல் சந்தாதாரர்களுக்கு மட்டும் என்றானது. பல வருடம் உட்கார்ந்து ராகவாரியாக, பாடகர்வாரியாகப் பட்டியல் போட்டவர்களின் உழைப்பு ஒரு அறிவிப்பில் கரைந்தது.

விலை கொடுத்து வாங்கும் டிஜிட்டல் கோப்புக்கும் முழு உரிமை இல்லை. ஒருவர் வாங்கிய பாடல் கோப்பை மறுபடி விற்க வழிசெய்த ரீடிஜி என்ற அமெரிக்க நிறுவனத்தின் மீது கேப்பிட்டல் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனம் வழக்குப் போட்டது. 2018 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன முடிவு இது: கோப்பை இன்னொருவருக்கு அனுப்பினால் அங்கே புதிதாக ஒரு நகல் உருவாகிறது, அது பதிப்புரிமை மீறல். அதே பாட்டின் சி.டி.யை நடைபாதையில் பரப்பி விற்றாலும் தவறில்லை. கலிஃபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டத்தை நடைமுறைப்படுத்தியிருக்கிறது. பின்னாளில் பறிக்கக்கூடிய உரிமத்தை மட்டும் கொடுத்துவிட்டு, அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்ற பொத்தானை வைக்கக்கூடாது என்கிறது அது. அந்தச் சொல்லை வைத்து எத்தனை பேர் ஏமாந்திருந்தால் ஒரு சட்டமன்றம் இதற்காக உட்காரும்!

ஒலித்தரம்: அதிகம் பேசுவது இது, அவ்வளவு வலுவான காரணம் இல்லை

'தட்டில் கேட்டால் தனி சுகம்' என்பார்கள். அந்தச் சுகத்தை மறுக்க வேண்டியதில்லை. கணக்கு மட்டும் வேறு மாதிரி இருக்கிறது.

சி.டி. ஒரு நொடி ஒலியை 44,100 முறை அளக்கிறது. ஒவ்வொரு அளவும் 16 பிட், இடது வலது என இரண்டு தடம். பெருக்கினால் நொடிக்கு 14,11,200 பிட். மனிதக் காது கேட்கும் உச்ச அதிர்வு சுமார் 20,000 ஹெர்ட்ஸ். அதைப் பிடிக்க அதன் இரு மடங்குக்குச் சற்று மேல் அளவெடுத்தால் போதும். ஆகவே சி.டி. காதுக்குப் போதுமானது. ஸ்பாட்டிஃபை நெடுநாள் கொடுத்த உயர்ந்த தரம் நொடிக்கு 3,20,000 பிட். காது கவனிக்காது என்று கணித்த தகவலை வெட்டிவிட்டு மிச்சத்தை அனுப்பும் முறை அது. 2021இல் ஆப்பிள் மியூசிக்கும் 2025இல் ஸ்பாட்டிஃபையும் வெட்டாத தரத்துக்கு வந்துவிட்டன. அந்த அளவில் சி.டி.யின் பழைய சாதகம் போயிற்று.

எல்.பி.க்கு உடலளவிலேயே சில எல்லைகள் உண்டு. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே நொடிக்குச் சுமார் 50 செ.மீ. தடம் ஓடும், லேபிளை நெருங்கும்போது 20 செ.மீ. சொச்சம்தான். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுத வேண்டியிருப்பதால், பக்கத்தின் கடைசிப் பாட்டில் 'ஸ', 'ஷ' ஒலிகள் சிலும்பும். தாழ்ந்த ஒலிகளை அப்படியே வெட்டினால் பள்ளம் அகண்டு பக்கத்துப் பள்ளத்தில் இடிக்கும். எனவே குறைத்து வெட்டி, கேட்கும்போது பெருக்குகிறார்கள். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் சொச்சம் என்ற வரையறை வருவதும் இதனால்தான்.

2022 ஜூலையில் நடந்தது இந்த விவாதத்துக்கு ஓர் உரைகல். மூலநாடாவிலிருந்து டிஜிட்டல் கலப்பே இல்லாமல் வெட்டப்பட்டவை என்று நம்பி, மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் தட்டுகளுக்குப் பெரும் தொகை கொடுத்து வாங்கியவர்கள் ஏராளம். பல ஆண்டுகளாகவே அவற்றில் பலவற்றுக்கு நடுவில் ஒரு டிஜிட்டல் கட்டம் இருந்தது என்று அப்போது வெளியானது. அதுவரை அந்தத் தட்டுகளை அனலாக்கின் உச்சம் என்று புகழ்ந்தவர்களில் எந்தக் காதும் அதைக் கண்டுபிடித்திருக்கவில்லை. ஏமாந்தவர்களின் கோபம் நியாயமானது. 'டிஜிட்டல் பட்டாலே ஒலி கெட்டுவிடும்' என்ற வாதம் அன்றோடு வலுவிழந்தது என்பதும் உண்மை.

சேகரிப்பவர் தேடுவது பதிப்பை

நூல் சேகரிப்பவருக்கு முதல் பதிப்பும் மலிவுப் பதிப்பும் ஒன்றாகாது. பாட்டிலும் அப்படித்தான். ஒரே ஒலிப்பதிவு காலப்போக்கில் பல உருவம் எடுக்கிறது. செயலியில் எது கிடைக்கும் என்பதை நிறுவனம் தீர்மானிக்கிறது. நேற்று இருந்த உருவம் இன்று வேறொன்றாக மாறினால் நமக்கு யாரும் சொல்வதில்லை. மாற்றங்கள் முக்கியமாக மூன்று வழியில் வருகின்றன.

முதலாவது, சத்தம். பக்கத்துப் பாட்டைவிட நம் பாட்டு உரக்கக் கேட்க வேண்டும் என்ற போட்டியில், தொண்ணூறுகளிலிருந்து மெல்லிய இடங்களைத் தூக்கி, உரத்த இடங்களை நசுக்கி மாஸ்டர் செய்யும் (வெளியீட்டுக்கான இறுதி ஒலியை அமைக்கும்) பழக்கம் பெருகியது. மிருதங்கத்தில் 'தொம்' விழும்போது வரும் அதிர்வும், அடுத்த கணத்தின் அமைதியும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். மெட்டாலிக்கா என்ற அமெரிக்க ராக் குழுவின் 2008ஆம் ஆண்டு ஆல்பம் இதற்குப் பேர்போனது. அதே பாடல்கள் ஒரு வீடியோ விளையாட்டில் நசுக்கப்படாமல் இடம்பெற்றிருந்ததை ரசிகர்கள் கண்டுபிடித்து, ஆல்பத்தை மறுபடி மாஸ்டர் செய்யும்படி மனுப் போட்டார்கள். நம் பக்கத்தில் பழைய பாடல்களின் மேல் புதுத் தாளக்கட்டை ஒட்டி 'ஜங்கார்' என்று விற்றதும் உண்டு. 'ரீமாஸ்டர்' என்ற சொல் மேம்பாட்டுக்கு உத்தரவாதம் தருவதில்லை. எண்பதுகளில் வந்த முதல் சி.டி. பல ஆல்பங்களுக்கு இன்றும் விலைபோவது இதனால்தான்.

இரண்டாவது, வேகம். இசை கற்றவர்களைக் கூடுதலாகப் பதறவைப்பது இது. எல்.பி.க்கு முந்தைய அரக்குத் தட்டுக்கு, நிமிடத்துக்கு 78 சுற்று என்பதால், 78 சுழற்சித் தட்டு என்று பெயரே தவிர, ஆரம்ப காலத்தில் எல்லாத் தட்டும் சரியாக 78இல் பதிவாகவில்லை, கூடக்குறைய இருக்கும். 74இல் பதிந்ததை 78இல் ஓட்டினால் வேகம் 5.4 விழுக்காடு ஏறும். சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை கூடிவிடும். நாலு கட்டையில் பாடியவர் நாலரைக் கட்டையில் பாடியதுபோல ஒலிப்பார். குரல் இளைக்கும், பிருகா (வேகமான குரல் அசைவு) பறக்கும். யாரோ ஒருவர் அப்படி ஓட்டி எடுத்த கோப்பு இணையத்தில் ஏறிவிட்டால், அந்த வித்வான் இப்படித்தான் பாடினார் என்று ஒரு தலைமுறையே நம்பிவிடும். தட்டு கையில் இருப்பவர் வேகத்தை மாற்றி மாற்றி வைத்து, கூட ஒலிக்கும் ஆர்மோனியச் சுருதியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம்.

மூன்றாவது, நீக்கமும் ஒட்டும். தோடி ராகத்தை ராஜரத்தினம் பிள்ளை நாகசுரத்தில் வாசித்த 78 தட்டைப் பற்றிக் கேள்விப்படாத இசைப்பிரியர் குறைவு. வீதியுலாவில் மணிக்கணக்கில் போகும் ஆலாபனை, பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சமாக இரண்டு பக்கத்துக்குள் அடங்கியிருக்கிறது. தட்டைத் திருப்பிப் போட வேண்டிய அந்த இடைவெளி வெறும் இடைஞ்சல் என்று தோன்றலாம். முதல் பக்கத்தை எங்கே நிறுத்தினார், இரண்டாவதை எந்த ஸ்வரத்திலிருந்து எடுத்தார் என்பது அந்த வடிவத்துக்காக ஒரு கலைஞர் போட்ட கணக்கு. இத்தகைய பக்கங்களைக் கோப்பில் ஒட்டுப்போட்டுத் தொடர்ச்சியாக்கும்போது அந்தக் கணக்கு மறைந்துபோகிறது.

பதிப்பை அடையாளம் காண்பது எப்படி? தட்டை டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பள்ளங்கள் பட்டை பட்டையாக மின்னும். உரத்த இடமும் அடங்கிய இடமும் வெவ்வேறு சாயலில் தெரியும். பழகிய கண், கச்சேரித் தட்டில் தனி ஆவர்த்தனம் எந்த இடம் என்று ஊசி வைக்காமலே சொல்லிவிடும். கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் நடுவே வழுவழுப்பான ஒரு வளையம் இருக்கும். அதில் பொடி எழுத்தில் முத்திரையாகவோ கையால் கீறியோ ஒரு எண்ணைக் காணலாம். அதுதான் மேட்ரிக்ஸ் எண்: எந்த வார்ப்பிலிருந்து அச்சானது என்பதற்கான பிறப்புச் சான்று. 2000இல் தொடங்கிய டிஸ்காக்ஸ் தளத்தில் உலகம் முழுக்க உள்ள சேகரிப்பாளர்கள் இந்த எண்களைத்தான் ஒப்பிட்டுப் பதிந்துவைக்கிறார்கள்.

லேபிளில் எழுதியிருப்பது

செயலியில் ஒரு பழைய தமிழ்ப் பாட்டைத் திறந்து பாருங்கள். பாடலாசிரியர் பெயர் பல நேரம் இருக்காது. இசையமைப்பாளர் பெயர் பாடகர் இடத்தில் நிற்கும். 1963 படத்தின் பாட்டுக்கு ஆண்டு 2008 என்றிருக்கும். அது அந்தத் தொகுப்பு டிஜிட்டலில் ஏறிய வருடம். ஒரே பாடகி நாலு விதமான எழுத்துக்கூட்டலில் நாலு ஆளாகப் பிரிந்திருப்பார். தட்டின் லேபிளிலும் உறையிலும் படம், பாடியவர், இயற்றியவர், இசை, தட்டு எண் என்று ஒழுங்காக அச்சாகியிருக்கும்.

லேபிளில் தப்பே வராது என்பதில்லை. 1949இல் வெளியான 'மஹல்' இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டை லதா மங்கேஷ்கர் பாடினார். முதலில் வந்த தட்டின் லேபிளில் அச்சானது 'காமினி', படத்தில் வரும் பாத்திரத்தின் பெயர். பின்னணிப் பாடகர்களுக்கு அன்று இருந்த இடம் என்ன என்பதற்கு அந்த லேபிளைவிட நேரடியான சாட்சி கிடையாது. செயலி அதைத் திருத்தி 'லதா மங்கேஷ்கர்' என்று போடுவது சரிதான். போட்ட பிறகு இந்த வரலாறு அங்கே தெரியாது.

ஆவணம் என்றால் கம்பெனித் தட்டு மட்டும் என்று நினைக்க வேண்டாம். எண்பதுகளில் தமிழ்நாட்டின் சிற்றூர்களில்கூட கேசட் பதிவு செய்து தரும் ரெக்கார்டிங் கடை இருந்தது. கோடு போட்ட தாளில் பிடித்த பாடல்களை எழுதிக் கொடுத்தால், 60 அல்லது 90 நிமிட வெற்றுக் கேசட்டில் ஏற்றி, உள் அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் வரிசை எழுதித் தருவார்கள். 'ஏ' பக்கம் முடியும்போது பாதியில் அறுந்த பாட்டும் அதில் உண்டு. ஒரு ஊர், ஒரு வருடம், ஒரு ஆள் எதை விரும்பிக் கேட்டார் என்பதற்கு அந்த அட்டையைத் தவிர வேறு பதிவு எங்கும் இல்லை.

மூலமே அழிந்தால்

நிறுவனத்திடம் மாஸ்டர் பத்திரமாக இருக்கும், நாம் எதற்குச் சேர்த்துவைக்க வேண்டும் என்ற கேள்வி வரும். 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் பிடித்த தீயில், யுனிவர்சல் மியூசிக் அங்கே வைத்திருந்த மூலநாடாக்களும் எரிந்தன. அந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பது நியூயார்க் டைம்ஸ் இதழின் கட்டுரை மூலம் 2019இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அதே 2019இல் மைஸ்பேஸ் தளம், சர்வர் மாற்றத்தின்போது பல்லாண்டுப் பதிவேற்றங்கள் போய்விட்டதாக ஒப்புக்கொண்டது. சுமார் 5 கோடிப் பாடல்கள் என்று கணக்கிட்டார்கள். நாடாவும் அழிகிறது, சர்வரும் அழிகிறது. ஒரே இடத்தில் இருப்பது ஒரே நாளில் போகும். ஆயிரம் வீட்டில் சிதறிக் கிடப்பது அப்படிப் போகாது.

தமிழுக்கு இது ஏட்டுப்பாடமல்ல. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' இன்று பார்க்கக் கிடைக்காது. முப்பதுகளின் படங்களில் பெரும்பாலானவை அப்படியே தொலைந்தன. அவற்றில் பலவற்றுக்கு மிஞ்சியவை பாட்டுப் புத்தகங்களும், வீடுகளில் தப்பிய அரக்குத் தட்டுகளும்தான். சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் போன்ற தனிமனிதர்கள் பல்லாயிரம் தட்டுகளைத் தேடிச் சேர்த்தார்கள். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இசைத்தட்டுகளையும் பாதுகாக்கிறது. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது தமிழ்நாட்டுக் காதுகள் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பின. அந்த நிலையத்துக்காக இந்தியத் தட்டுகள் கடல் கடந்து போயின.

தட்டும் சாகாவரம் பெற்றதில்லை

அரக்குத் தட்டு கைதவறினால் அப்பளம். எல்.பி.யைச் சாய்த்தோ அடுக்கியோ வைத்தால் நம் ஊர் வெயிலுக்கு வளைந்துவிடும். நேராக நிறுத்திவைக்க வேண்டும். கேசட்டின் நாடா 3.81 மி.மீ. அகலம்தான், அதில் மழைக்காலத்தில் வெள்ளைப் பூஞ்சை பூக்கும். பூத்ததை ஓட்டினால் பிளேயரின் தலைப்பகுதி வழியாக அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். சி.டி.யின் அலுமினியப் பூச்சில் காற்று புகுந்தால் அரிக்கும். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஊர் ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சான சி.டி.க்கள் பல வெண்கல நிறமேறிச் செத்துப்போயின.

தயாரிப்பிலும் சங்கிலி மெல்லியது. எல்.பி. வெட்டுவதற்கான லாக்கர் தட்டுகளை உலகில் இரண்டே நிறுவனங்கள் செய்துவந்தன. அவற்றில் கலிஃபோர்னியாவின் அப்போலோ மாஸ்டர்ஸ் 2020 பிப்ரவரியில் எரிந்து, மிஞ்சியது ஜப்பானில் ஒன்று. புது எல்.பி. விலை நடுத்தரக் குடும்பத்துக்குச் சுமைதான். கேட்பதற்கு ஸ்ட்ரீமிங் வேண்டாம் என்று யாருக்கும் அறிவுரை சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

வீட்டில் இருப்பதை என்ன செய்வது?

1. பழைய சி.டி.க்களை எடைக்குப் போடாதீர்கள். இன்றைக்கு மலிவானதும் முழுத்தரமானதும் அதுதான். கணினியில் ஃப்ளாக் வடிவில் நகலெடுத்தால் ஒரு துளி ஒலியும் குறையாது. நகல் இரண்டு, இரண்டும் இரு வேறு இடத்தில்.

2. எல்.பி., 78 தட்டுகளைக் கழுவாமல் ஓட்ட வேண்டாம். 78க்கு அகல ஊசி வேறு; எல்.பி. ஊசியை அதில் வைத்தால் பள்ளத்தின் அடியில் இருக்கும் தூசியைத்தான் அது படிக்கும். லேபிளையும் உறையையும் மேட்ரிக்ஸ் எண்ணையும் படமெடுத்துக் கோப்போடு சேர்த்து வையுங்கள்.

3. கம்பெனி கேசட்டுகளைக் கணினியில் பதிவதை அவசரமில்லாமல் செய்யலாம். அவற்றில் பலவற்றுக்கு வேறெங்காவது இன்னொரு பிரதி இருக்க வாய்ப்புண்டு.

4. இங்கே கடைசியில் சொன்னாலும், எல்லாவற்றுக்கும் முதலில் கணினியில் பதிய வேண்டியவை வீட்டில் பதிந்த கேசட்டுகளே. கோயில் கச்சேரி, கல்யாண நாகசுரம், தாத்தா பாடிய திருப்புகழ், அயல்நாட்டிலிருந்த அப்பாவுக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியது. இவற்றுக்கு உலகில் அந்த ஒரு நாடாதான். பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடாமல் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஓடும் நிலையில் இருந்தால் முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிந்துவிடுங்கள். இரண்டாம் முறை ஓடும் என்ற உறுதியில்லை. பேசுவது யார், எந்த ஊர், எந்த வருடம் என்பதை, குரலை அடையாளம் காணக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி அந்தக் கேசட் பெட்டிக்குள் வையுங்கள்.